பாய் விரிக்கும் வேளையும் சுருக்கும் வேளையும்

கணினியில் கடற்போர் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்த என் அண்ணன் மகன், அண்மையில் ஒரு நாள் முகம் வாடி என்னிடம் வந்தான். “சித்தப்பா, என் கப்பல்தான் வேகமாகப் போனது. இருந்த பாய் எல்லாவற்றையும் விரித்துவிட்டேன். பிறகு ஏன் தோற்றேன்?” என்று கேட்டான். அவன் ஆடியது, நீராவிப் பொறி வருவதற்கு முற்பட்ட காலத்துப் போர்க்கப்பல்களை வைத்து அமைத்த விளையாட்டு. காற்று வீசும் திசை, விரித்துள்ள பாயின் அளவு, பீரங்கிகளின் நிலை எல்லாம் திரையில் தெரியும். அவனை வென்ற கப்பலோ பாதிப் பாயைச் சுருக்கிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வந்ததாம்.

சிறுவனின் கேள்வி சிறியதன்று. வேகமே வலிமை என்று கருதுவது மக்கள் இயல்பு. ஆனால், பாய்க்கப்பல்களில் உண்மையாகவே போரிட்ட மாலுமிகள் அவ்வாறு கருதவில்லை. பாயை எப்பொழுது விரிப்பது, எப்பொழுது சுருக்குவது, எப்பொழுது காற்றுக்கு எதிராகவே திருப்பிப் பிடிப்பது என்பதை அறிந்தவனே தேர்ந்த தலைவன் எனப்பட்டான். அதன் காரணங்களை ஈண்டு ஒவ்வொன்றாக நோக்குவோம். பின்னர், ஜொகூரின் கிழக்குக் கரைக்கு அப்பால் 1804ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு கடற்போரில் அவை எவ்வாறு பயன்பட்டன என்பதையும் காண்போம்.

பாய்களின் அமைப்பு

18ஆம் நூற்றாண்டின் பெரிய போர்க்கப்பலுக்குப் பாய்மரங்கள் மூன்று. ஒவ்வொரு மரத்திலும் குறுக்கே கழிகள் கட்டப்பட்டிருக்கும். அக்கழிக்குப் பருமல் என்று பெயர். பருமல்களிலிருந்து சதுரப் பாய்கள் தொங்கும். அடியில் உள்ளதைக் கீழ்ப்பாய் என்றும், அதற்கு மேலுள்ளதை இடைப்பாய் என்றும், அதனினும் உயரத்தில் உள்ளவற்றை மீப்பாய்கள் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். மீப்பாய் என்பது நாம் புதிதாய் ஆக்கிக்கொண்ட சொல் அன்று. புறநானூற்றின் 30ஆம் பாட்டிலேயே அச்சொல் வந்துள்ளது.

இவையன்றி, கப்பலின் முகப்பில் முக்கோணப் பாய்களும், பின்மரத்தின் அடியில் நெடுக்குவாட்டில் ஒரு பாயும் உண்டு. முகப்புப் பாய்கள் கப்பலின் தலையைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளும். பின்பாய் வாலைத் தள்ளித் தலையைக் காற்றை நோக்கித் திருப்பும். ஆகவே, கப்பலைத் திருப்புவது சுக்கான் மட்டும் அன்று. பாய்களும் அதற்குத் துணை செய்தன.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் இன்றும் காக்கப்பட்டுவரும் ‘விக்டரி’ என்னும் போர்க்கப்பல் 37 பாய்களைத் தாங்க வல்லது. அவற்றுக்கும் பாய்மரங்களுக்கும் வேண்டிய கயிற்றின் நீளம் ஏறத்தாழ 26 மைல் என்பர். இத்தனை பாயும் இத்தனை கயிறும் மனிதரின் கைகளாலேயே இயங்கின என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

காற்றின் ஆட்சி

பாய்க்கப்பல் நினைத்த திசையிலெல்லாம் செல்லாது. அக்கால மாலுமிகள் திசைவட்டத்தை 32 கூறுகளாகப் பிரித்தனர். சதுரப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசையிலிருந்து குறைந்தது 6 கூறுகளாவது விலகியே ஓட முடியும். இது 67½ பாகை ஆகும். காற்று வரும் திசையிலேயே ஓரிடத்தை அடைய வேண்டுமாயின், இடமும் வலமுமாக மாறி மாறி ஓடித்தான் அடைய இயலும்.

அவ்வாறு மாறும்பொழுது திரும்பும் வழிகள் இரண்டு. காற்றுக்கு முகங்காட்டித் திரும்புவது ஒன்று. இதில் இடம் மிச்சமாகும். ஆனால், கப்பலுக்குப் போதிய ஓட்டம் இல்லையேல், பாதி வழியில் காற்றில் சிக்கி அசைவற்று நின்றுவிடும். காற்றுக்கு முதுகு காட்டிச் சுற்றி வருவது மற்றொன்று. இது பிழைபடாத வழி. ஆனால், கப்பல் காற்று போகும் பக்கமாக நெடுந்தொலைவு சரிந்துவிடும். பகைவன் அருகில் இருக்கும்பொழுது இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதே ஒரு கப்பலின் தலைவிதியை முடிவு செய்துவிடக்கூடும்.

எனவேதான் போருக்கு முன் காற்று வரும் பக்கத்தைப் பிடிக்க இரு தரத்தாரும் முயன்றனர். அப்பக்கத்தில் இருப்பவன் தான் விரும்பிய வேளையில் பகைவன் மேல் இறங்கலாம். விரும்பாவிடில் விலகி நிற்கலாம். காற்று போகும் பக்கத்தில் இருப்பவனுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால், தோற்றால் காற்றோடு ஓடித் தப்புவது அவனுக்கு எளிது.

போரில் பாய் சுருக்குவது ஏன்?

இனி, சிறுவனின் கேள்விக்கு வருவோம். பீரங்கிப் போர் தொடங்கியதும் கீழ்ப்பாய்களையும் மீப்பாய்களையும் சுருக்கிவிட்டு, இடைப்பாய்களையும் முகப்புப் பாயையும் பின்பாயையும் மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். இதனைப் போர்ப்பாய் எனலாம். இவ்வழக்கத்திற்குக் காரணங்கள் பல.

முதற்காரணம், ஆள் பற்றாக்குறை. 32 இராத்தல் குண்டு எறியும் பெரும்பீரங்கி ஒன்றை இயக்கப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கத்துப் பீரங்கிகளுக்கே நூற்றுக்கணக்கானோர் தேவைப்படுவர். மீதியுள்ள சிலரைக் கொண்டு முப்பது பாய்களை ஆள முடியாது. ஏழெட்டுப் பாய்களை ஆளலாம்.

இரண்டாவது, தீ. கீழ்ப்பாய் பீரங்கிகளுக்கு அண்மையில் தொங்குவது. பீரங்கியிலிருந்து தெறிக்கும் எரிதுணுக்கு அதனைப் பற்றினால் கப்பலே எரிந்துவிடும். மேலும், அது தலைவனின் கண்ணையும் மறைக்கும். ஆதலின் கீழ்ப்பாயின் அடிமூலைகளைப் பருமலுக்கு இழுத்து வைத்தனர். அவற்றைச் சுருட்டி இறுகக் கட்டுவது இல்லை. வேண்டியபொழுது கயிற்றைத் தளர்த்தினால், நொடியில் இறங்கிக் காற்றைப் பிடிக்க வேண்டும் அன்றோ?

மூன்றாவது, சாய்வு. பாய் மிகுந்தால் கப்பல் சாயும். காற்று வரும் பக்கத்தில் நின்று போரிடுபவனுக்கு, பகைவனை நோக்கிய பக்கமே நீரை நோக்கித் தாழும். பீரங்கிகள் கடலைப் பார்க்கும். கீழ்த்தளத்துச் சாளரங்களில் தண்ணீர் புகும். 1759 நவம்பர் 20ஆம் நாள், பிரான்சின் மேற்குக் கரையில் கிபெரோன் விரிகுடாவில் புயலுக்கிடையே ஒரு போர் நடந்தது. அதில் ‘தெசே’ என்னும் 74 பீரங்கிப் பிரெஞ்சுக் கப்பல், கீழ்த்தளத்துச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. ஏறத்தாழ 600 பேர் மாண்டனர். பகைவனின் குண்டைவிடக் கடலே கொடியது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

நான்காவது, வேகமே பகையாவது. விரைந்து செல்லும் கப்பல் எதிரியின் பக்கத்தில் நிலைத்து நிற்பதில்லை. ஒரு முறை சுட்டுவிட்டு அவனைக் கடந்து முன்னே போய்விடும். அப்பொழுது அதன் பின்புறம் எதிரிக்கு நேராகும். கப்பலின் பின்புறம் கண்ணாடிச் சாளரங்கள் நிறைந்த மெல்லிய பகுதி. அவ்வழி புகும் குண்டு, கப்பலின் நீளம் முழுவதும் தடையின்றி ஓடி ஆட்களை அழிக்கும். என் அண்ணன் மகனின் கப்பலுக்கு நேர்ந்தது இதுவே.

ஐந்தாவது, சேதம். பகைவரின் பாயையும் கயிற்றையும் அறுப்பதற்கென்றே சங்கிலியால் பிணைத்த குண்டுகளையும், இரும்புக் கம்பியால் இணைத்த குண்டுகளையும் சுட்டனர். பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் பாய்மரங்களையும், ஆங்கிலேயர் பெரும்பாலும் கப்பலின் உடலையும் குறி வைத்தனர். விரித்த பாய் மிகுந்தால் இழப்பும் மிகும். போருக்கு முன் பருமல்களை இரும்புச் சங்கிலியாலும் பிணைத்தனர். கயிறு அறுந்தாலும் பருமல் தலைமேல் விழாதிருக்கும் பொருட்டு அவ்வாறு செய்தனர்.

பாயே தடையாவது

பாய் கப்பலை ஓட்டுவது மட்டும் அன்று, நிறுத்தவும் செய்யும். நடுமரத்து இடைப்பாயின் பருமலைத் திருப்பினால், காற்று அப்பாயின் முன்புறத்தில் அடிக்கும். பாய் மரத்தோடு ஒட்டிக் கப்பலைப் பின்னுக்குத் தள்ளும். முன்மரத்துப் பாயோ முன்னுக்கு இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, நங்கூரம் இன்றியே நடுக்கடலில் கப்பல் ஏறத்தாழ நின்றுவிடும். மீண்டும் ஓட வேண்டுமாயின், பருமலைப் பழைய நிலைக்குத் திருப்பினால் போதும். போர் அணியில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 200 கெஜ இடைவெளியில் செல்லும். முன்னுள்ள கப்பல்மேல் மோதாமலும் பின்தங்காமலும் இருக்க, பின்மரத்து இடைப்பாயைச் சற்றே தளர்த்தியும் இறுக்கியும் திருப்பியும் வேகத்தை ஒழுங்கு செய்தனர்.

முழுப்பாய்க்கும் வேளை உண்டு

இவற்றால், முழுப்பாயே கூடாது என்று முடிவு கட்டிவிடலாகாது. துரத்தும்பொழுதும், தப்பி ஓடும்பொழுதும், மெல்லிய காற்றில் பகைவனை நெருங்கும்பொழுதும் ஒவ்வொரு முழத் துணியும் வேண்டும். 1805 அக்டோபர் 21ஆம் நாள் டிரபால்கர் போரில் நெல்சன் அவ்வாறே செய்தார். காற்று மிக மெல்லியது. பருமல்களின் இரு முனைகளிலும் கூடுதல் கழிகளை நீட்டித் துணைப்பாய்களையும் விரித்து அவர் நெருங்கினார். விடியற்காலையில் பகைவரைக் கண்டும், அவர்களை அடைவதற்கு ஏறத்தாழ 6 மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரம் பகைவரின் முன் மெல்ல ஊர்வது துன்பமே. இன்னும் மெல்ல ஊர்வது அதனினும் துன்பம் என்பதால் முழுப்பாய் விரித்தார். அன்று ‘விக்டரி’யின் முன்மரத்தில் இருந்த இடைப்பாய் இன்றும் போர்ட்ஸ்மத்தில் உள்ளது. அதில் ஏறத்தாழ 90 குண்டுத் துளைகள் காணப்படுகின்றன.

நெருங்கும் வரை முழுப்பாய், நெருங்கியபின் போர்ப்பாய், விலகும்பொழுது மீண்டும் முழுப்பாய். இதுவே பொதுவிதி. இவ்விதியைப் பகைவனும் அறிந்திருந்தான். ஆகையால், ஒருவன் கட்டியுள்ள பாயைத் தொலைவிலிருந்து பார்த்தே அவன் கருத்து என்ன என்று மற்றவன் ஊகித்தான். இந்த ஊகத்தை வைத்தே ஒரு போர் வெல்லப்பட்டது.

பூலாவ் அவுர், 1804

ஜொகூரின் கிழக்குக் கரைக்கு அப்பால், தியோமான் தீவுக்குத் தென்கிழக்கே பூலாவ் அவுர் என்னும் சிறு தீவு உள்ளது. அவுர் என்பது மலாய் மொழியில் மூங்கிலைக் குறிக்கும். சீனத்திலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கு நோக்கி வரும் கப்பல்கள், நீரிணைக்குள் நுழையுமுன் இத்தீவை அடையாளமாகக் கொள்வது வழக்கம்.

1804 சனவரி இறுதியில் கான்டனிலிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 16 பெருங்கப்பல்கள் புறப்பட்டன. அவற்றோடு 11 நாட்டுக் கப்பல்களும் வேறு சிலவும் சேர்ந்து வந்தன. நாட்டுக் கப்பல்கள் என்பன இந்தியத் துறைமுகங்களுக்கும் சீனத்துக்கும் இடையே வாணிகம் செய்தவை. அவற்றில் பாய் ஏற்றி இறக்கியவர் பெரும்பாலும் லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகள். சரக்கின் மதிப்பு 80 இலட்சம் பவுன். காவலுக்குப் போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை. கம்பெனிக் கப்பல்களில் முப்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகள் இருந்தன எனினும், ஆட்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 130 பேரே. பாயை ஆளவும் பீரங்கியை இயக்கவும் ஒரே வேளையில் அவர்கள் போதார். கூட்டத்தின் தலைவர் நத்தானியேல் டான்ஸ் என்பவர்.

பிப்ரவரி 14ஆம் நாள் காலை 8 மணிக்கு, தென்மேற்கே அயற்கப்பல்கள் தென்பட்டன. அவை பிரெஞ்சுத் தளபதி லின்வாவின் படை. ‘மாரெங்கோ’ 74 பீரங்கிகள் கொண்டது. அதனுடன் மூன்று போர்க்கப்பல்களும், ஒல்லாந்துக் கொடி பறந்த சிறுகலம் ஒன்றும் இருந்தன.

இந்நிலையில் வாணிகர் என்ன செய்வர்? எல்லாப் பாயையும் விரித்து, மூலைக்கொன்றாய் ஓடுவர். லின்வா எதிர்பார்த்ததும் அதுவே. அவ்வாறு ஓடியிருந்தால், விரைவாகச் செல்லும் போர்க்கப்பல்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். டான்ஸ் ஓடவில்லை. பெருங்கப்பல்களை நெருக்கமான போர் அணியில் நிறுத்தினார். குறைந்த பாயோடு தம் வழியே மெல்லச் சென்றார். மாலையில் பகைவர் அணியின் வால்வரை நெருங்கி வந்தனர். ஆயினும் தாக்காமல் காற்று வரும் பக்கமாக விலகி நின்றனர். டான்ஸ் நாட்டுக் கப்பல்களை மறுபக்கத்துக்கு அனுப்பி, தம் பெருங்கப்பல்களை இடையில் அரணாக்கினார்.

இரவு வந்தது. இருட்டில் தப்ப நல்ல வாய்ப்பு. டான்ஸோ பாயைத் திருப்பிப் பிடித்து, இரவு முழுவதும் அணி கலையாமல் அதே இடத்தில் நின்றார். சில கலங்களில் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. பகலில் காட்டிய துணிவு பொய்யாக இருந்திருந்தால் இருளைப் பயன்படுத்தி ஓடியிருப்பார்கள் என்ற கருத்தை லின்வா பின்னர்த் தம் அறிக்கையில் எழுதினார். ஓடாமையே அவரை ஏமாற்றியது.

15ஆம் நாள் விடிந்தது. டான்ஸ் கொடி ஏற்றிப் போருக்கு அழைத்தார். சில கப்பல்களில் போர்ப்படைக்குரிய நீலக்கொடியையும் ஏற்றச் செய்தார். பகைவர் இறங்கி வரவில்லை. 9 மணிக்கு மீண்டும் குறைந்த பாயோடு பயணம் தொடங்கினார். அதனைக் கண்டு லின்வாவும் பாய்களில் காற்றை நிரப்பி நெருங்கினார். பிற்பகல் 1 மணிக்கு, அணியின் வாலை அறுத்தெடுப்பதே அவர் நோக்கம் என்பது தெளிவாயிற்று.

அப்பொழுதுதான் டான்ஸ் முழுப்பாய் விரித்தார். ஓடுவதற்கு அன்று, எதிர்ப்பதற்கு. முன்னணிக் கப்பல்கள் காற்றுக்கு முகங்காட்டி ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. ‘ராயல் ஜார்ஜ்’ முதலில், ‘கேஞ்சஸ்’ அடுத்து, டான்ஸின் ‘எர்ல் கேம்டன்’ அதன்பின் என, தாங்கும் அளவு பாய் விரித்துப் பகைவரை நோக்கிப் பாய்ந்தன. காற்றில் சிக்காமல் இவ்வாறு வரிசையாகத் திரும்புவது பயின்ற போர்ப்படையே செய்யக்கூடிய செயல். வாணிகக் கப்பல்கள் அதனைப் பிழையின்றிச் செய்து காட்டின. ஏறத்தாழ முக்கால் மணி நேரமே பீரங்கிகள் முழங்கின. ‘ராயல் ஜார்ஜி’ல் ஒருவர் மாண்டார், ஒருவர் காயமுற்றார். மற்றக் கப்பல்கள் போரில் கலக்குமுன்னரே லின்வா கிழக்கு நோக்கித் திரும்பி, ஏற்றக்கூடிய பாய் அத்தனையும் ஏற்றி ஓடினார். எண்பது இலட்சம் பவுன் அவர் கையை விட்டுப் போயிற்று.

டான்ஸ் 2 மணிக்குத் துரத்தும்படி கட்டளையிட்டார். 4 மணிக்கு அவரே அதனை நிறுத்தினார். வெற்றி மயக்கத்தில் நீரிணை வாயிலை விட்டு நெடுந்தொலைவு போய்விட்டால், காக்க வேண்டிய சரக்கே இடருக்குள்ளாகும் என்பதை அவர் மறக்கவில்லை. இரவு 8 மணிக்கு நங்கூரமிட்டனர். அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாள், மலாக்கா நீரிணையில் இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்களைச் சந்தித்து அவற்றின் காவலில் சென்றனர். டான்ஸுக்குச் சர் பட்டம் கிடைத்தது. கம்பெனி 50,000 பவுனைத் தலைவர்களுக்கும் மாலுமிகளுக்கும் பரிசாகப் பகிர்ந்தளித்தது.

இந்த இரண்டு நாட்களில் டான்ஸ் பாயைக் கையாண்ட முறையை வரிசைப்படுத்திப் பாருங்கள். பகலில் குறைந்த பாய்; இரவில் நின்ற பாய்; காலையில் மீண்டும் குறைந்த பாய்; பிற்பகலில் முழுப்பாய்; மாலையில் துரத்தலை நிறுத்திய அடக்கம். பீரங்கி பேசியது முக்கால் மணி நேரம். பாய் பேசியது இரண்டு நாள்.

வகுப்பறையில் இதனைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு மிகுந்த கருவிகள் வேண்டா. கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து 32 கூறுகளாக்கி, வடகிழக்கிலிருந்து ஓர் அம்பு போட்டுக் காற்றைக் காட்டினால் போதும். கப்பல் எத்திசையில் ஓட முடியும், எத்திசையில் ஓட முடியாது என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பர். கணக்கும் புவியியலும் வரலாறும் தமிழ்ச்சொற்களும் ஒரே படத்தில் கூடும்.

கதையைக் கேட்டு முடித்த என் அண்ணன் மகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, “லின்வா அருகில் போய்ப் பார்த்திருக்கலாமே, சித்தப்பா?” என்றான். நல்ல கேள்வி. மாலையில் அருகில் வந்தவர்தாம் அவர். ஓடாதவனைக் கண்டு தயங்கிவிட்டார். அன்றிரவு சிறுவன் மீண்டும் விளையாட உட்கார்ந்தபொழுது, முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்தான். பின்னர்க் கீழ்ப்பாயைச் சுருக்கினான்.